வெள்ளிக்கிழமைத் தொட்டிகளின் நீலம்

சுருள்பாசியிலிருந்து நீலச் சாயம் எடுக்கிற வேலையில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். 2004-இல் சேர்ந்து 2012-இல் ஓய்வு பெற்றேன். போன மாதம் அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் கடலூர் முதுநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது தொட்டிக்குள்ளேயே கருவியை இறக்கிவிட்டார்களாம். சூடு, வெளிச்சம், காரத்தன்மை எல்லாவற்றையும் நேரத்தோடு அதுவே பதிந்து செல்போனுக்கு அனுப்பிவிடுகிறதாம். "நீங்கள்லாம் டயத்தக் கையால எழுதுனீங்களாமே ஆன்ட்டி, தப்பு வராதா?" என்று ஒருத்தி கேட்டாள். வரும் என்றேன். எப்படி வரும் என்றாள். டீயைக் குடிம்மா, ஆறிடப்போவுது என்று பேச்சை மாற்றிவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பியது உறுத்தியது. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது தாவரவியல். படிப்பு முடிந்து இந்த வேலைக்கு வரும்வரை நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இறால் பொரிப்பகங்களில் பதினாறு ஆண்டுகள் இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகப் பாசி வளர்த்தேன். அவை ஒன்றொன்றாக மூடியபோது, சிதம்பரத்தை அடுத்த கிள்ளை சாலையில் புதிதாக ஆரம்பித்த ஒரு சின்ன கம்பெனிக்குப் பாசி வளர்க்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, போய்ச் சேர்ந்தேன். முதலாளி சென்னையில் இருந்தார். ஐஸ்கிரீமுக்கும் மிட்டாய்க்கும் போடுகிற நீல நிறத்தைப் பாசியிலிருந்து எடுத்து விற்பது அவர் திட்டம். முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போவேன். அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தி வைத்திருந்த ஆண்டுகளில் பஸ். சிதம்பரத்திலிருந்து கம்பெனி வேன். எட்டரை மணிக்குத் தொட்டிக்கரையில் நிற்பேன்.

சுருள்பாசி பார்வைக்குக் கரும்பச்சை. நீலம் அதற்குள்ளே இருக்கிறது. பாசியை வடித்துப் பிழிந்து, உப்புக் கரைசலில் போட்டு, உறைய வைத்து இளக வைத்தால் அதன் உடம்பு உடைந்து நீலம் வெளியே வரும். கண்ணாடிக் குழாயில் பார்த்தால் வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போலவே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் சிவப்பாக ஒரு மினுக்கம் தெரியும். எட்டு ஆண்டுகள் பார்த்தும் அது எனக்கு அலுக்கவில்லை.

பாசியை வளர்ப்பது பெரிய காரியமில்லை. சோடாவும் உப்பும் வெயிலும் இருந்தால் அது பாட்டுக்கு வளரும். அதில் நீலம் நிறைய இருக்கவேண்டும் என்பதில்தான் பாடு. வெயில் அதிகமானால் நீலம் குறையும். நைட்ரேட் உரம் போதாவிட்டால் பாசி தன்னிடமிருக்கும் நீலத்தைத் தானே தின்றுவிடும். பிழிந்த பிறகு சூடு பட்டால் இருக்கிற நீலமும் கெட்டுப்போகும். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு உரம், எந்தச் சூடு, எப்படிக் கலக்குவது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எங்களுக்கு என்று சொன்னாலும் மூளை ஹபீபுல்லா சாருடையது. லால்பேட்டைக்காரர். ஆய்வுக்குத் தலைவர், வயதில் என்னைவிட ஏழெட்டு ஆண்டு இளையவர். குரலை உயர்த்திப் பேசமாட்டார். நீ தப்பு செய்துவிட்டாய் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எது கெட்டாலும் தொட்டிக்கரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எதை மாத்துனோம்?" என்பார். ஒன்றும் மாற்றவில்லை என்றால், "அப்ப எது தானா மாறுச்சு?" என்பார். பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அதட்டுகிற அதிகாரிகளிடம் வேலை பார்த்துப் பழகிய எனக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது. திட்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இவருடைய கேள்வி ரயிலில் ஏறி முதுநகர் வரைக்கும் கூடவே வரும்.

முதல் கோடையில் தொட்டிகள் எல்லாம் வெளுத்து, வேகவைத்த கீரைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டன. உரம் போதவில்லை என்று நான் மூட்டை பிரிக்கப் போனேன். சார் தடுத்தார். "இருங்கம்மா. தொட்டி முழுக்கவா வெளுத்திருக்கு?" என்று கேட்டார். சுற்றி வந்து பார்த்தேன். மேல்நிலைத் தொட்டியின் நிழல் விழுகிற மூலையில் பாசி திட்டாக ஒதுங்கிக் கரும்பச்சையாக இருந்தது. அன்றைக்கே சிதம்பரத்தில் நிழல்வலை வாங்கினோம். பச்சை வலை, கறுப்பு வலை, ஒற்றை, இரட்டை என்று இரண்டு ஆண்டுகள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு கறுப்பு வலையில் நிலைத்தோம். பிறகு உரத்தின் அளவு. பிறகு உப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஆண்டாவது போனது.

வேலைமுறையை சார் ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். எட்டரை முதல் பத்தரை வரை அளவுகள். ஒவ்வொரு தொட்டியிலும் சூடு பார்க்கவேண்டும், காரம் பார்க்கவேண்டும், வெள்ளை வட்டு பொருத்திய குச்சியைத் தண்ணீரில் இறக்கி எந்த ஆழத்தில் வட்டு மறைகிறது என்று பார்க்கவேண்டும். இரண்டு விரல் ஆழத்திலேயே மறைந்தால் பாசி அறுவடைக்குத் தயார். பத்தரைக்கு அறுவடை. வாளியால் மொண்டு நைலான் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, அரை மணிக்குள் ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். பிறகு ஆய்வுக்கூடத்தில் உறைய வைப்பது, இளக வைப்பது, சுழற்றித் தெளிய வைப்பது, நீலத்தின் அடர்த்தியைக் கருவியில் அளப்பது. எல்லாம் பதிவேட்டில் ஏறும்.

பதிவேடு என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பக்கத்திலும் அடித்தல் திருத்தல் இருக்காது. காலையில் வந்ததும் தேதி, தொட்டி எண், அறுவடை நேரம் எல்லாவற்றையும் அழகாக முன்கூட்டியே எழுதிவிட்டு, அளவுகளுக்கு மட்டும் கட்டங்களைக் காலியாக விட்டு வைப்பேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள்.

தொட்டிகளில் இறங்கி வேலை செய்தது ஆறு பெண்கள். சுனாமிக்கு அடுத்த ஆண்டு கிள்ளைப் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். படகும் வலையும் போய், மீன் கூடை தூக்கவும் வழியில்லாமல் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலாட்சி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். நாலு வார்த்தையில் முடிகிறதை இரண்டு வார்த்தையில் முடிப்பாள். நீளமான கழியில் துடைப்பத்தைக் கட்டி, தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே போவாள். மேலே மிதக்கிற பாசி கீழே போய், கீழே கிடப்பது மேலே வந்து, எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை கலக்குவார்கள்.

2010-இல் முதலாளி பெரிய தொட்டிகள் கட்ட முடிவு செய்தார். அவற்றை ஆட்கள் கலக்குவதா, மோட்டாரில் சுற்றுகிற துடுப்புச் சக்கரம் கலக்குவதா என்பதுதான் கேள்வி. சார் அதையும் சோதனையாக்கினார். ஒரே வலை, ஒரே உரம், ஒரே அளவில் எட்டுத் தொட்டிகள். நான்கில் சக்கரம், நான்கில் ஆட்கள். எதில் நீலம் அதிகமோ அந்த முறையில் பெரிய தொட்டிகள். சக்கரம் ஜெயித்தால் ஆறு பெண்களுக்கும் வேலை கிடையாது என்று முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார். சார் அதை மறைக்கவில்லை. தொட்டிக்கரையில் அவர்களை நிற்க வைத்துச் சொன்னார். அஞ்சலாட்சி, "சரி சார். எங்க கை தோக்காது" என்றாள்.

ஒரு நாளில் நான்கு தொட்டிக்கு மேல் அறுவடை செய்ய முடியாது. சக்கரத்தை நிறுத்தி எடுத்துக் கழுவுகிற மெக்கானிக் கடலூரிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். அதனால் சக்கரத் தொட்டிகளுக்குச் செவ்வாய், ஆட்கள் கலக்குகிற தொட்டிகளுக்கு வெள்ளி. இதைப் படிக்கிற இன்றைய பிள்ளைகள் கிழமையை மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வைத்திருக்கத்தான் வேண்டும். வைக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வாளியோடு போனேன். ஆறு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா அஞ்சல, மணி ஆயிடுச்சே."

"ராவுகாலம்க்கா. பன்னெண்டு மணிக்குப் போயிடும். அப்பறம் எடுத்துக்கலாம்."

"அட்டையில பத்தர போட்டிருக்குதே."

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா ராவுகாலத்துல தொட்டியில கைய வெச்சி அள்ள சொல்றியாக்கா? எங்க பொழப்பே இந்த நாலு தொட்டியிலதான் நிக்குது."

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம் என்பது கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கும் தெரியும், காலண்டரில்தான் போட்டிருக்கிறதே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னை வேலைக்குக் கூப்பிட்டால் ஆராதனை இருக்கிறது என்று சொல்கிறவள் நான். சாரும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு லால்பேட்டைக்குப் போய், ஜும்மா தொழுது, அத்தாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குத்தான் வருவார். இவர்கள் கேட்பது ஒன்றரை மணி நேரம். கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு, பதிவேட்டில் பத்தரை என்று காலையிலேயே எழுதியாகிவிட்டது. அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். விட்டுவிட்டேன். அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று அது வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு அடித்ததும் அஞ்சலாட்சி கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் வாளியை மொள்ளுவாள். பதிவேட்டில் அது பத்தரை.

வாரங்கள் போகப் போக ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெண்களின் தொட்டிகளில் நீலம் குறைவு. பாசி நன்றாகத்தான் வளர்ந்தது, எடையில் குறையில்லை. நீலம் மட்டும் சக்கரத் தொட்டிகளைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் வித்தியாசம் கொஞ்சம், வெயில் ஏற ஏற அதிகம். சார் பலமுறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வலையை அளந்தார். உரத்தைத் தன் கையால் நிறுத்தார். "எதுவும் மாறல. அப்ப கலக்கறதுலதான் இருக்கு" என்று முடித்தார்.

அஞ்சலாட்சி என்னிடம் வந்து, "எங்க கை பத்தலியாக்கா?" என்று கேட்டாள். தெரியலையே என்றேன். மறுநாளிலிருந்து நான்கு முறைக்குப் பதில் ஆறு முறை கலக்க ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே செய்தார்கள். பூங்காவனம் என்ற பெண்ணுக்குத் தோள்பட்டை இறங்கிப்போய், வலது கையைத் தூக்க முடியாமல், இடது கையால் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் நீலம் ஏறவில்லை.

2011 ஏப்ரலில் பெரிய வெள்ளிக்குக் கம்பெனி விடுமுறை. அதனால் அந்த வாரம் பெண்களின் தொட்டிகளை வியாழக்கிழமையே அறுவடை செய்தோம். வியாழனுக்கு ராகுகாலம் மத்தியானம் ஒன்றரைக்குத்தான். அஞ்சலாட்சி மறுப்புச் சொல்லாமல் பத்தரைக்கே வாளியை மொண்டாள். சனிக்கிழமை காலை நீலத்தை அளந்தேன். நான்கு தொட்டியிலும் எகிறியிருந்தது. சக்கரத் தொட்டிகளுக்குச் சமம், ஒன்றில் அதைவிடவும் அதிகம். கருவி கெட்டுவிட்டதோ என்று திரும்பவும் அளந்தேன். அதே எண்.

அளவுகளை சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போலக் கேட்டார்.

"வியாழக்கிழம எதை மாத்துனோம்?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கிள்ளை மீன் இறங்குதுறையிலிருந்து ஐஸ் காலை பத்து மணிக்கு வரும். மூடி உடைந்த தெர்மாகோல் பெட்டி, தகரக் கொட்டகை. பத்தரைக்கு அறுவடை செய்தால் பிழிந்த பாசி நேரே ஐஸுக்குள் போகும். பன்னிரண்டுக்கு ஆரம்பித்து நான்கு தொட்டியை முடித்து, நடுவில் சாப்பாட்டு வேளையும் வந்து, பாசியைப் பெட்டியில் வைக்கும்போது உள்ளே இருப்பது ஐஸ் இல்லை, தண்ணீர். அதுவரைக்கும் பிழிந்த பாசி தகரத்தின் கீழே வேகும். பெண்களின் கை நீலத்தைக் குறைக்கவில்லை. அறுவடை செய்த நேரம் குறைத்தது. அந்த நேரத்தைத்தான் நான் முப்பத்தாறு வெள்ளிக்கிழமைகள் பொய்யாக எழுதியிருந்தேன்.

"ஒண்ணும் மாத்தல சார்" என்றேன்.

எழுதிய பொய்யைப் பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. தெரிந்தே வாயைத் திறந்து சொன்னது.

சார் கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்தார். "முப்பத்தாறு வாரம் ஒரு மாதிரி இருக்கு, ஒரே ஒரு வாரம் மட்டும் தனியா நிக்குது. நம்பறதுக்கில்ல. இத ரிப்போர்ட்ல சேக்க வேணாம். திங்கக்கெழம சென்னைக்கு அனுப்பிடலாம்மா" என்றார். சக்கரம் ஜெயித்த ரிப்போர்ட். அதை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு நான் வேன் ஏறினேன்.

எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அடுத்த ஆண்டு ஓய்வு. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு வைத்துக்கொள்வதாகப் பேச்சு இருந்தது. சார் எழுதிக் கொடுத்தால் போதும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார எனக்கு மனமில்லை. சொன்னால் அது போகும், பேரும் போகும். சொல்லாவிட்டால் ஆறு பேருக்கு வேலை போகும், அதுவும் தங்கள் கை போதவில்லை என்று நினைத்துக்கொண்டே போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் ஆராதனையில் எல்லோரும் பாடினார்கள். எனக்குப் பாட்டு வாயில் வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். வேறு பெரிய வார்த்தை எதுவும் அதற்குத் தேவையில்லை.

திங்கட்கிழமை சார் உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே போனேன்.

"சார், அத அனுப்பாதீங்க. வெள்ளிக்கெழம அறுவட பத்தரைக்கு நடக்கல. பன்னெண்டுக்குத்தான் நடந்துது. நான் பத்தரைன்னு எழுதிட்டேன்."

பேனாவை மூடி வைத்தார். "எத்தன வெள்ளிக்கெழம?"

"எல்லா வெள்ளிக்கெழமயும் சார்."

"ஏன் பன்னெண்டு?"

சொன்னேன். ராகுகாலம், ஐஸ், தகரக் கொட்டகை எல்லாம் சொன்னேன். சனிக்கிழமை தெரிந்தே பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் என்னை அதிகம் கலங்கடித்தது.

"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"நீங்க எதாவது நெனச்சிக்குவீங்கன்னு..."

"நான் என்ன நெனப்பேன்?"

ராகுகாலம் என்று சொன்னால் லால்பேட்டைக்காரர் சிரிப்பார், அல்லது அதெல்லாம் கூடாது என்று உத்தரவு போடுவார் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். ஏழு ஆண்டு கூட வேலை பார்த்த மனிதரைப் பற்றி அப்படி ஒரு முடிவு.

"நான் வெள்ளிக்கெழம பத்து மணிக்கு எழுந்து போறேன். யாராவது ஏன்னு கேட்டீங்களா? அவுங்களையும் நான் கேட்டிருக்க மாட்டேம்மா. நாள வியாழக்கெழமைக்கு மாத்தியிருப்பேன். அவ்ளோதான் விஷயம்." உறையை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஒவ்வொரு செட்டையும் ஒரே கெழமையில கட்டிப்போட்டது என் தப்பு. கெழமைய மாத்தி மாத்தி வெச்சிருந்தா மூணாவது வாரமே தெரிஞ்சிருக்கும். நேரத்த எழுதுனது உங்க தப்பு. ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதறேன். சோதனைய மறுபடியும் நடத்தணும். அதுக்கு முன்னாடி அஞ்சலாட்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அது சாரிடம் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. அவள் மூன்றாம் தொட்டியில் கலக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் கேட்டாள். ராகுகாலத்தை நான் குறை சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பாள் போல. முதலில் முகம் இறுகியது. ஐஸ் கரைந்த கதையைச் சொன்னபோது கழி நின்றுவிட்டது.

"அந்தப் பத்தரைக்கு ஒரு காரணம் இருக்குதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"அட்டையில..."

"அட்டையில நேரம்தான் போட்டிருக்குது. ஏன்னு போட்டிருக்குதா? நீ ஒரு நாளு சொல்லியிருப்பியாக்கா? ஐஸு கரைஞ்சா கலரு போயிடும்னு சொல்லியிருந்தா, மீனு விக்கற எங்களுக்கு அது புரியாதா? வியாழக்கெழம வெச்சிக்கலாம்னு நானே கேட்டிருப்பேனே."

கழியைத் தொட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு நல்லது செய்யறதா நெனச்சிக்கினு எழுதுன. நாங்க கையிலதான் கோளாறுன்னு ஆறு வாட்டி கலக்குனோம். பூங்காவனத்துக்குத் தோளு போச்சி. அப்பவும் நீ பாத்துக்கினுதான நின்ன?"

மீன் விற்கிறவர்களிடம் ஐஸைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்குப் புரியாது என்று நினைத்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அப்படி நினைக்கவில்லை. சொல்லவேண்டும் என்றே நினைக்கவில்லை, அது அதைவிட மோசம். அவர்களுடைய நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுக்கிறேன் என்ற எண்ணத்தில் அவர்களுடைய அறிவை மதிக்காமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பதிவேட்டைத் திருத்தினேன். முப்பத்தாறு பக்கங்கள், ஒவ்வொன்றிலும் பத்தரையை ஒரே கோட்டில் அடித்து, உண்மையான நேரத்தை ஞாபகத்திலிருந்து எழுத முடியாது என்பதால், "பன்னிரண்டுக்குப் பிறகு" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றோடு பதிவேட்டை சார் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நேரத்தை எழுதுகிற வேலையை அஞ்சலாட்சியிடம் கொடுத்தார். அவள் எட்டாவது படித்தவள். முதல் வாளி மேலே வந்ததும் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாள். பத்து நாற்பத்திரண்டு, பத்து முப்பத்தேழு என்று எழுதுவாள். ஒரு நாளும் ஒரே நேரம் வந்ததில்லை. சரியான பதிவேடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன்.

சோதனை மறுபடியும் மூன்று மாதம் நடந்தது. செவ்வாயும் வியாழனும், கிழமையை மாற்றி மாற்றி. மெக்கானிக்கை இரண்டு நாளும் வரவழைத்தார்கள். நீலம் இரண்டு செட்டிலும் சமமாக வந்தது. மின்வெட்டு நீண்ட வாரங்களில் சக்கரம் நின்றுபோய், பெண்களின் தொட்டிகளே முந்தின. சார் எழுதிய ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே முந்தைய சோதனை செல்லாது என்றும், ஏன் செல்லாது என்றும் இருந்தது. தன் பெயரை முதலில் போட்டு, என் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தார். முதலாளி போனில் கத்தினார் என்று கேள்விப்பட்டேன். சார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய தொட்டிகளில் ஆட்களே கலக்குவது என்று முடிவானது.

அந்த டிசம்பரில் 'தானே' புயல் வலைகளையெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. ஆறு பேரும் முட்டளவு தண்ணீரில் நின்று ஒரு வாரத்தில் திரும்பக் கட்டினார்கள். அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும், இங்கே இடமில்லை.

எனக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தே சொன்னார். "உங்க கைத்திறமைக்கு ஒரு குறையுமில்லம்மா. ஆனா எழுதிக் குடுக்க எனக்கு மனசு வரல. ஒவ்வொரு நம்பரையும் பாக்கும்போது, இது பாத்து எழுதுனதா, முன்னாடியே எழுதி வெச்சதான்னு யோசிப்பேன். அது உங்களுக்கும் நல்லதில்ல." அவர் செய்தது சரி. எனக்கு வலித்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

2012 மே மாதம் என் கடைசி நாள். சார் மாலை போட்டார், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள், லால்பேட்டையிலிருந்து பிரியாணி வந்தது. பெண்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். பூங்காவனம் அப்போதும் இடது கையால்தான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கினாள். அஞ்சலாட்சி அந்த ஓராண்டும் என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் பேசியிருந்தாள். வேன் ஏறுவதற்கு முன் தொட்டிக்கரைக்குப் போனேன். புதிய பெரிய தொட்டியின் ஓரத்தில் கழியோடு நின்றிருந்தாள்.

"கௌம்பறேன் அஞ்சல. எம்மேல கோவம் போச்சா?"

யோசித்தாள். உபசாரத்துக்காகச் சொல்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

"போவலக்கா," என்றாள். "ஆனா வேல இருக்குது."

சொல்லிவிட்டு, அடுத்த முனைக்குப் பாசியைத் தள்ளிக்கொண்டு போனாள்.